பழைய வேக வண்டி வாங்கப் போகிறீர்களா?

மேல்நாடுகளில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களில் சிலர், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். புதிய காரின் விலை எட்டாது. ஆனால் வேகத்தின் மீதுள்ள ஆசை குறையாது. எனவே பழையதை வாங்கி, பழுது பார்த்து, ஓட்டி மகிழ்கிறார்கள். நம் தங்கவயல் பிள்ளைகளுக்கும் அதே ஆசை உண்டு. நம் கைக்கு எட்டுவது கார் அல்ல, மோட்டார் சைக்கிள். அதிலும் ஆர்.எக்ஸ். 100, ஆர்.டி. 350, எஸ்டி என்ற பெயர்களைக் கேட்டாலே அவர்கள் முகம் மலர்ந்து விடுகிறது. அந்த வண்டிகள் உற்பத்தியான காலத்தில் இந்தப் பிள்ளைகளில் பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள்!

இந்த ஆசை தவறு என்று சொல்வதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. பணிமனையில் பல ஆண்டுகள் இயந்திரங்களோடு பழகியவன் என்ற முறையில், முதன்முறை வாங்குகிறவர் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பதை ஒரு பாடமாகச் சொல்லவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். பெங்களூரில் வேலை. தினமும் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் போய், இரவு திரும்புகிறவன். இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. "மாமா, கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு ஆர்.எக்ஸ். 100 இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும்" என்றான். இருவரும் பஸ் ஏறிப் போனோம். வண்டி பளபளவென்று இருந்தது. விற்பவர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காட்டினார். சத்தம் கேட்டதும் பையன் அங்கேயே மனத்தைக் கொடுத்து விட்டான். "சத்தத்தைக் கேட்டீங்களா மாமா?" என்றான்.

நான் எஞ்சின் மீது கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே அதை ஓட விட்டிருக்கிறார்கள். பிறகு ஹேண்டில் பாருக்குக் கீழே, சாசியின் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்தேன். எட்டு எழுத்தில் இரண்டு மட்டும் வரிசை தப்பி நின்றன. அந்த இடத்தில் பெயின்டும் புதிது. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். "அடுத்த வாரம் தர்றேன், இப்ப அட்வான்ஸ் மட்டும் கொடுங்க" என்றார். நாங்கள் எழுந்து வந்து விட்டோம். திரும்பும் வழியில் பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்று அவன் செய்தது நம்மில் பெரும்பாலோர் செய்வதுதான். முதலில் சத்தம், பிறகு பளபளப்பு, பிறகு வேகம், கடைசியில் காகிதம். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய பாடம். காரணம் எளிது. எஞ்சின் கெட்டால் பணம் கொடுத்துச் சரி செய்து விடலாம். பிரேக்கும் அப்படியே. சாசி வளைந்திருந்தால் பணம் கொடுத்தாலும் முழுமையாகச் சரியாகும் என்ற உறுதி இல்லை. காகிதம் பொய்யாக இருந்தால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் சரி செய்யவே முடியாது. ஆகவே, பணத்தால் தீராத குறையை முதலில் தேடுங்கள். பணத்தால் தீரும் குறையைக் கடைசியில் தேடுங்கள்.

எந்தெந்த வண்டிகள்?

வாங்கப் புறப்படும் முன் அந்த வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

யமஹா ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டில் 1985-ல் விற்பனைக்கு வந்து 1996 வரை உற்பத்தியானது. எஞ்சின் 98 சி.சி.தான். திறன் 11 குதிரைசக்தி. வண்டியின் எடையோ சுமார் 100 கிலோ. எடை குறைவு, எஞ்சினோ துடிப்பு மிக்கது. அதுவே அதன் புகழுக்குக் காரணம்.

ஆர்.டி. 350 என்று நாம் சொல்வது ராஜ்தூத் 350. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்தில் 1983-ல் கொண்டு வந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்தது ஏறக்குறைய 30 குதிரைசக்தி. பெட்ரோல் செலவைக் குறைக்கப் பின்னர் வந்தது சுமார் 27. அந்நாளில் நம் சாலைகளில் ஓடிய மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய வேகம். ஆனால் ஜப்பானிய மூல வண்டியில் முன் சக்கரத்துக்கு இருந்த டிஸ்க் பிரேக் இங்கே கொடுக்கப்படவில்லை, டிரம் பிரேக்தான். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

எஸ்டி நம் மாநிலத்துப் பிள்ளை. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960-களின் தொடக்கத்திலிருந்து ஜாவா வண்டிகளைச் செய்தது. 1973 முதல் அவை எஸ்டி என்ற பெயரில் வந்தன. ரோட்கிங் மாடல் 1978-ல் வந்தது. தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. 250 சி.சி., ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பது இதன் அடையாளம். எஸ்டி என்ற பெயரில் 2022 முதல் மீண்டும் வண்டிகள் வருகின்றன. ஆனால் அவை முற்றிலும் வேறு எஞ்சின் கொண்டவை. பழையதற்குப் புதியதன் பாகம் பொருந்தாது.

இவை அனைத்தும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் புகை அதிகம். 1996-லும் 2000-லும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் இத்தகைய மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நின்று போயின. அதற்குப் பின் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் வேக வண்டிகளில் 1999-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.பி.இசட்., 2003-ல் வந்த 223 சி.சி. கரிஷ்மா ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றின் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உண்டு.

என் ஆலோசனை இதுதான். முதன்முறை வாங்குகிறவர் காகிதம் சரியாக உள்ள ஓர் ஆர்.எக்ஸ். 100-ஐ நாடலாம், அல்லது டிஸ்க் பிரேக் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை நாடலாம். ஆர்.டி. 350-ஐ இரண்டாவது வண்டியாக வைத்துக் கொள்ளுங்கள். வேகம் அதிகம், நிறுத்தும் சக்தி குறைவு, பாகங்களின் விலை உயர்வு என்ற மூன்றும் சேர்ந்த ஒன்றை வைத்துப் பாடம் கற்க வேண்டாம்.

முதற்படி: காகிதம்

தங்கவயல் இருக்கும் இடம் விசேஷமானது. தமிழ்நாட்டு எல்லையும் ஆந்திர எல்லையும் கூப்பிடு தூரம். வேலூர், ஆம்பூர், குடியாத்தம், கிருஷ்ணகிரி, குப்பம் என்று நம் உறவினர் வீடுகள் எல்லைக்கு அப்பால்தான் அதிகம். "மாமன் மகன் ஊரில் ஒரு வண்டி இருக்கு" என்று சேதி வரும். ஆகவே மூன்று மாநிலங்களின் எண் கொண்ட வண்டிகளும் நம் கண்ணில் படும். உறவினர் சொன்ன வண்டி என்பதால் காகிதம் பார்க்காமல் இருக்கக் கூடாது.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சாசி எண்ணையும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்.எக்ஸ். 100 சட்டத்தில் ஆர்.எக்ஸ். 135 எஞ்சினைப் பொருத்துவது பரவலான வழக்கம். அது நன்றாக ஓடலாம். ஆனால் ஆர்.சி.யில் பதியாத எஞ்சின் என்றால் அது சட்டத்தின் கண்ணில் குற்றம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப் போகும் கேள்வியும் அதுவே.

மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு எந்தத் தேதி வரை செல்லும், இன்ஷூரன்ஸ் உண்டா, கடன் பாக்கி உண்டா, அபராதம் நிலுவையில் உள்ளதா என்று பார்க்க முடிகிறது. வண்டியைப் பார்க்கப் பஸ் ஏறும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்து விடலாம். மிகப் பழைய வண்டிகளில் சிலவற்றின் பதிவு கணினியில் ஏற்றப்படாமல் இருக்கும். அப்படியானால் விற்பவரே அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றித் தந்த பிறகுதான் பணம் என்று சொல்லி விடுங்கள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். நாம் பேசும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த எல்லையைத் தாண்டியவை. மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025-ல் மேலும் உயர்த்தப்பட்டது. இதைவிடப் பெரியது தாமதக் கட்டணம். புதுப்பிக்கத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் என்பது 2022-ல் வந்த விதி. 40 மாதம் தவறியிருந்தால் 12,000 ரூபாய்! "எஃப்.சி. மட்டும்தான் பாக்கி, அது ஒண்ணும் பெரிசில்லை" என்று விற்பவர் சொன்னால், அந்தத் தொகையைக் கணக்கிட்டு விலையில் கழித்துக் கொள்ளுங்கள். பசுமை வரி தனி.

வெளிமாநில வண்டியானால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ், அதாவது என்.ஓ.சி., வேண்டும். அதற்குப் படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35. பதிவு உரிமையாளர் காலமாகி விட்டிருந்தால் வாரிசுகள் படிவம் 31 கொடுத்து முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். அப்பாவின் நினைவாக மூலையில் நிற்கும் எஸ்டியை வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக் கொள்கிறார்கள். வாரிசு மூன்று பேர் என்றால் மூவரின் சம்மதமும் தேவை. வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடக எண் வாங்க வேண்டும். இங்குள்ள சாலை வரியும் கட்ட வேண்டும். நம் ஊருக்கான எண் கே.ஏ. 08 என்று தொடங்கும்.

பெயரை மாற்றாமல் ஓட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். உச்சநீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒருவர் தம் காரை 2007-ல் விற்று விட்டார். அது பல கைகள் மாறியது. யாரும் ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் விபத்துக்குள்ளானது. நஷ்டஈடு தர வேண்டியவர் யார்? ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். எனவே அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறி விட்டது. விற்றுப் பணம் வாங்கி இரண்டு ஆண்டு ஆனவர் தலையில் சுமை விழுந்தது.

இந்தப் பாடம் விற்பவருக்கும் உண்டு, வாங்குபவருக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாள் கெடு.

இரண்டாம் படி: சாசி

காகிதம் சரி என்றால் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரவிலும் மழையிலும் பார்க்க வேண்டாம். ஈரமான வண்டி எல்லாமே புதிது போலத் தோன்றும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பின் சக்கரமும் முன் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? ஹேண்டில் பாரை நேராகப் பிடித்தால் முன் சக்கரம் நேராக நிற்கிறதா? ஃபோர்க் குழாய்கள் இரண்டும் சமமாக உள்ளனவா? கழுத்துப் பகுதியில் வெல்டிங் தழும்பு, பெயின்ட் சுருக்கம், நேர்த்தியில்லாத மடிப்பு ஏதேனும் தெரிந்தால் அந்த வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. வண்டியை வெகுவாகப் புகழ்ந்து விட்டு எழுந்து வந்து விடுங்கள்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஓரிடத்தில் நின்றால் ஸ்டியரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது. அது செலவு குறைந்த வேலை. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ சக்கர பேரிங்கோ போயிருக்கும். இவை விலை குறைக்கப் பேச வேண்டிய குறைகள். ஓட வேண்டிய குறைகள் அல்ல. இந்த வேறுபாட்டைத் தெரிந்து கொள்வதுதான் வாங்கும் கலை.

மூன்றாம் படி: பிரேக்

இந்தப் படியைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். பழைய வண்டியின் எஞ்சின் இன்றும் அன்றைய வேகத்தில் ஓடும். ஆனால் அதன் பிரேக் அன்றைய சாலைக்காக, அன்றைய நெரிசலுக்காகச் செய்யப்பட்டது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக் கொண்டால், அதற்குள்ளேயே 17 மீட்டர் போய் விடும். நல்ல நிலையில் உள்ள டிரம் பிரேக் காய்ந்த சாலையில் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைப்பதாகக் கொண்டால், நிற்பதற்கு மேலும் 28 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். இதே கணக்கை 80 கி.மீ. வேகத்துக்குப் போட்டால் 22-ம் 50-ம் சேர்ந்து 72 மீட்டர். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குதான். நிற்கும் தூரமோ 27 மீட்டர் கூடி விட்டது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற பௌதிக விதிதான் இதற்குக் காரணம். ஷூ தேய்ந்து, டிரம் முட்டை வடிவமாகி, கேபிள் இழுபட்டுப் போன வண்டியில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஆகவே, முன் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் ஷூவைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள். டிரம்மின் உட்புறம் ஆழமான கோடுகள் இருக்கக் கூடாது. சக்கரத்தைச் சுழற்றும்போது ஓரிடத்தில் மட்டும் பிரேக் உரசினால் டிரம் வட்டமாக இல்லை என்று பொருள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 1412 என்றால் 2012-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பல வருடம் நின்ற டயரின் ரப்பர் இறுகி, ஈரச் சாலையில் பிடிக்காது. வாங்கியவுடன் இரண்டு டயரையும் மாற்றுவது என்று முன்பே முடிவு செய்து விடுங்கள்.

நான்காம் படி: எஞ்சின்

இப்போதுதான் சத்தத்துக்கு வருகிறோம். போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லுங்கள்: "நாங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்துங்கள். நல்ல ப்ளாக் ஆனால் ஓரிடத்தில் உறுதியாக எதிர்த்து நிற்கும். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்திருக்கின்றன. அடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் தொடக்கத்தில் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடானதும் குறைய வேண்டும். சூடான பிறகும் புகை குறையாமல், கியர் பெட்டியின் ஆயில் மட்டும் குறைந்து கொண்டே போனால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது. மறுபக்கத்துச் சீல் போனால் காற்று உள்ளே புகும். அப்போது ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே தணியாமல் இரையும். இது ஆபத்தானது. பெட்ரோல்-ஆயில் கலவை மெலிந்து, ஓடும்போதே பிஸ்டன் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக் கொள்ளும்.

அடுத்த கேள்வி: "ப்ளாக் எத்தனையாவது போர்?" ஆர்.எக்ஸ். 100-ன் சிலிண்டர் விட்டம் 50 மில்லி மீட்டர். தேயும்போது கால் மில்லி மீட்டர் வீதம் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். 0.25, 0.50, 0.75, 1.00 என்று போகும். கடைசி அளவை எட்டிய ப்ளாக் என்றால் அடுத்த முறை ஸ்லீவ் மாற்ற வேண்டி வரும். அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தால் கிராங்க் வேலை. எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும்.

ஆயில் பம்ப் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆர்.எக்ஸ். 100-ல் ஆயிலுக்குத் தனித் தொட்டியும் பம்ப்பும் உண்டு. சிலர் பம்ப்பைக் கழற்றி விட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுகிறார்கள். இது தெரியாமல் வாங்கி வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சில கிலோ மீட்டரிலேயே எஞ்சின் இறுகி விடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டாலும் சயனைடு மேடுகள் இன்றும் நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவுத் தூசு எங்கும் படிவதை நாம் அறிவோம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே போகும் காற்று கிராங்க் அறை வழியாகத்தான் மேலே செல்கிறது. ஆகவே தூசு முதலில் தாக்குவது பேரிங்கை, பிறகு ரிங்கை. வேகம் கூடும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்த வண்டியை வாங்காதீர்கள். வாங்கிய பின் நீங்களும் கழற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: பணம்

நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ். 100 இன்று லட்ச ரூபாயைத் தாண்டியும் விலை போகிறது. இருப்பதையெல்லாம் வண்டிக்கே கொடுத்து விட்டால் அது மழைக்கு முன் வீட்டு மூலையில் நின்று விடும். கையில் 100 ரூபாய் இருந்தால் 60 ரூபாய்க்கு மேல் விலை பேசாதீர்கள். மீதி 40 ரூபாய் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், டயர், பிரேக், செயின், எஞ்சின் வேலை என்று ஆறு மாதத்துக்குள் செலவாகி விடும். ஹெல்மெட்டும் இந்த 40-ல் சேர்ந்ததே. பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வேண்டும்.

பாகங்களுக்குப் பெங்களூரில் ஜே.சி. ரோடு, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று இடங்கள் உண்டு. பழைய பாகம் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத பழைய எஞ்சின் யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வண்டி வீட்டின் ஒரே வண்டியாக இருக்கக் கூடாது. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், காலை ரயிலைப் பிடிக்கவும் நம்ப வேண்டியது வேறு வண்டியாகவோ பஸ்ஸாகவோ இருக்கட்டும். அந்த அவசரம் இல்லாதபோதுதான் பழைய வண்டியைப் பொறுமையாகப் பழுது பார்க்க மனம் வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் மறுத்தால் பிள்ளை நண்பனின் பெயரில் வாங்கி நண்பன் வீட்டில் நிறுத்துவான். மேலே சொன்ன வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதைவிட "ஆர்.சி. உன் பெயரில் வரட்டும், பிரேக்கை நானும் வந்து பார்க்கிறேன்" என்று சொல்வது நல்லது. சுரங்கத்தில் இறங்கிய நம் பெரியவர்கள், கூண்டில் ஏறும் முன் அதைத் தாங்கும் கயிறு சோதிக்கப்பட்டதா என்பதில் அக்கறை காட்டியவர்கள். ஆழம் அவர்களைத் தடுக்கவில்லை. சோதிக்காத கயிறுதான் அவர்களைத் தடுத்தது. வேகத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

எங்கள் தெருப் பையன் கதையை முடிக்க வேண்டும் அல்லவா? ஏழு மாதம் காத்திருந்தான். கடைசியில் பங்காருப்பேட்டை பக்கம் ஒரு வண்டி கிடைத்தது. பெயின்ட் மங்கியது, சீட் கிழிந்தது, சைலன்சர் துருப்பிடித்தது. ஆனால் முதல் உரிமையாளரே விற்றார். ஆர்.சி., பழைய இன்ஷூரன்ஸ், பில் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. ஸ்டார்ட் செய்ய நான்கு உதை வேண்டியிருந்தது. பையன் இந்த முறை சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாசி எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாகப் படித்துக் கொண்டிருந்தான்.

உங்களை நீங்களே கேட்டுக் கொள்ள ஏழு கேள்விகள்

1. விற்பவரின் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றா? இல்லையென்றால் இடையில் யார் யார்?

2. எஞ்சின் எண், சாசி எண் இரண்டையும் என் கண்ணால் ஒப்பிட்டேனா?

3. பதிவு எந்தத் தேதி வரை? தவறிய மாதங்களுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

4. வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. கையில் வந்ததா, அல்லது வாக்குறுதி மட்டுமா?

5. முன் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தேனா?

6. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தேனா?

7. விலை கொடுத்த பிறகு, பத்தில் நான்கு பங்கு பணம் கையில் மீதி இருக்கிறதா?

ஏழுக்கும் நேரான பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அடுத்த வாரம் வரை பொறுங்கள். பதறாத காரியம் சிதறாது. முப்பது வருடம் காத்திருந்த வண்டி இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.